கதவு வரையாத மனிதர்

அத்தியாயம் ஏழு

இரும்புக் கதவு சாத்திக்கொண்டதும் கறார் முதலில் காற்றைத்தான் திட்டினார். நிலத்துக்கு அடியில் காற்று எங்கிருந்து வரும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"மாமா, கதவு பூட்டிக்கிச்சு," என்றாள் வாயாடி.

"எனக்கும் காது இருக்கு."

"இருக்கு. ஆனா கொஞ்சம் பழசு. அதான் ஞாபகப்படுத்தினேன்."

கறார் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, துப்பறிகிற தொழிலில் அவரிடம் மாட்டியவர்கள் வைத்த பேர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா, காட்டு" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடமே பெண்ணின் போட்டோவைக் காட்டச் சொன்ன ஆள். வாயாடி அவருடைய அக்கா மகள். பேங்கில் நல்ல வேலையில் இருந்தவள், அங்கே சிரிக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாமாவிடம் வந்து ஒட்டிக்கொண்டாள். இங்கே மட்டும் யார் சிரிக்கிறார்கள் என்று அவளுடைய அம்மா இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், அவர்களைக் கூட்டிவந்த பில்டரின் குரல் கேட்டது. கொண்டி மாட்டிக்கொண்டுவிட்டதாம், நெம்பினால் வரவில்லையாம். தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை இருக்கிறது, ஆளைக் கூட்டிக்கொண்டு ஒரு நொடியில் வந்துவிடுகிறேன், பயப்படாமல் உட்காருங்கள் என்றார். அவ்வளவு அக்கறை அந்தக் குரலில். பிறகு செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று. சரக் சரக் என்று, கோயில் குளத்துப் படியில் ஏறுகிறவர் மாதிரி, அவசரமே இல்லாமல்.

கறார் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். வாங்கியதைப் பத்திரப்படுத்தினார்.

கட்டிக்கொண்டிருக்கிற கட்டடத்தின் அடித்தளம் அது, உட்கார ஒன்றும் இல்லை. பூசாத சுவர்கள், தரையில் மணலும் கம்பித் துண்டும். மூலையில் ஒரு குழி. இந்த நிலம் தோண்டும்போதே ஊறுகிற நிலம். சுவரோரத்தில் கசிகிற தண்ணீரெல்லாம் ஓடிவந்து அந்தக் குழியில் சேரும். மேலே ஒரு மோட்டார் ஓயாமல் ஓடி அதை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மேலே சின்னதாக ஒரு பல்பு எரிந்தது. எதிர் மூலையில்தான் அவர்கள் பார்க்க வந்த சங்கதி நின்றது. வளைந்த சுவர். சதுரமான கட்டடத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி, பாதி வட்டத்துக்குச் சற்றுக் குறைவாக, பார்க்க அழகாகவே இருந்தது. அதுதான் தொல்லை. அது அங்கே இருக்கவே கூடாது.

அந்தச் சுவரால்தான் ஒரு மனிதர் காணாமல் போயிருந்தார். அவருடைய பெண்டாட்டி போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் அந்த அம்மா சொன்னதை கறார் மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார். புருஷன் கட்டடம் வரைகிறவர். பென்சில்காரர் என்றால்தான் சைட்டில் தெரியும். கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டார். தாளும் பென்சிலும் போதும் அவருக்கு. பெண்டாட்டி கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள். அவர் வரைந்த தாளை ஸ்கேனர் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால், அவள் எழுதிய புரோகிராம் அந்தக் கோடுகளைப் படித்து, எந்தச் சுவர் எத்தனை கனம், எங்கே தூண், எங்கே படி என்று முழுக் கட்டடத்தையும் போட்டுக் கொடுத்துவிடும். பென்சிலை அழுத்தி இழுத்தால் கோடு தடிக்கும். தடித்த கோடு கனத்த கான்கிரீட் சுவராகும். லேசாக இழுத்தால் மெலிந்த கோடு, அது வெறும் தடுப்புச் சுவர். அவருடைய கை அழுத்தமே அதற்குக் கணக்கு.

இதைக் கேட்டபோது கறாருக்கு நம்பிக்கை வரவில்லை. கை நடுங்கினால் வீடும் நடுங்குமா என்று கேட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. நடுங்கும் சார், அதனால்தான் காய்ச்சல் வந்தால் அவரை வரைய விடமாட்டேன் என்றாள்.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வேறு. அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், அவள் தாளைத் தொடமாட்டாள். கல்யாணமான புதிதில் அவள் ஒரு கோட்டைத் திருத்தப் போய், அவர் மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்தாராம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. தாளை மேஜையிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் வைப்பது, அச்சடித்து வந்ததைச் சைட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் அவளுடைய அண்ணன். கட்டுகிறவரும் அவர்தான். பில்டர். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நான் ஒரு பாலம் சார் என்று வண்டியில் வரும்போது சொல்லிக்கொண்டு வந்தார்.

போன வாரம் அடித்தளத்தில் இந்த வளைந்த சுவர் எழும்பியிருந்ததைப் பார்த்துப் பென்சில்காரர் அலறிவிட்டார். இது நான் போட்ட கோடு இல்லை என்றார். தாளில் இல்லாததை என் புரோகிராம் போடாது என்று பெண்டாட்டி சொன்னாள். எல்லாரும் பார்க்க ஆபீசில் சண்டை. பிறகு அவளே ஸ்கேனரைத் திறந்து பார்த்தாள். கண்ணாடிமேல் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது, வளைந்த முடி. அதைக் கோடு என்று நினைத்துப் புரோகிராம் சுவராக்கியிருக்கிறது. அவள் அழுதுகொண்டே முடியைத் துடைத்துப் போட்டாள், புருஷனிடம் மன்னிப்பும் கேட்டாள். சைட் முழுக்க ஒரே சிரிப்பு. சோற்றில் முடி கிடந்தால் எடுத்துப் போடலாம், கட்டடத்தில் கிடந்தால் என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

நேற்று முன்தினம் சாயங்காலம் ஆபீசை விட்டுக் கிளம்பிய பென்சில்காரர் வீடு வந்து சேரவில்லை. சண்டை போட்டது எல்லாருக்கும் தெரியும். ஆகவே பெண்டாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறார்கள். இன்றைக்குள் அவர் உயிரோடு வராவிட்டால், நாளைக்கு அந்த அம்மா வீட்டுக்குப் போகப்போவதில்லை.

"மாமா."

"என்ன?"

"மோட்டார் சத்தம் நின்னுபோச்சு."

நின்றுதான் போயிருந்தது. இதுவரை ஓடிக்கொண்டிருந்ததே காதில் விழாத சத்தம், நின்ற பிறகுதான் பெரிதாகக் கேட்டது. அடுத்தது பல்பு அணைந்தது. வாயாடி செல்போனை எடுத்து டார்ச் போட்டாள். சிக்னல் இல்லை. சார்ஜும் கடைசிக் கோட்டில் இருந்தது.

"கரண்ட் போயிருக்கும்," என்றார் கறார்.

"அப்படியா, காட்டுங்க," என்றாள் அவள், மாமாவின் குரலிலேயே.

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஊரைச் சந்தேகப்பட்டவர், இப்போது ஒரு பெரிய மனுஷர் தங்கைக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து அவர் பின்னாலேயே படியிறங்கி வந்திருக்கிறார். கண்ணைத் துடைத்தாரே தவிர, துடைத்த கைக்குட்டை நனைந்திருந்ததா என்று பார்க்கவில்லை.

குழி நிறைந்து தண்ணீர் தரைக்கு வந்தது. முதலில் செருப்பை நனைத்தது. வாயாடி கதவை ஓங்கி உதைத்துப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். இந்தப் பக்கம் கைப்பிடிகூட இல்லாத கதவு. மேலே யாரும் இல்லை. முதலாளி வீட்டில் இப்படி ஆகிவிட்டதே என்று வேலையாட்களுக்கு லீவு விட்டிருப்பதாக வண்டியில் வரும்போது பில்டரே சொல்லியிருந்தார்.

"தண்ணி எதுவரைக்கும் வரும் மாமா?"

கறார் சுவரில் டார்ச்சை அடிக்கச் சொன்னார். பழைய ஈரத்தின் கறை ஒரு கோடாக நின்றது, அவருடைய தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளி.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும். ஆனா நீந்தி எங்க போறது, இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்குமா?"

பேசட்டும் என்று விட்டுவிட்டார். அவள் பேச்சு நின்றால்தான் பயப்பட வேண்டும். வளைந்த சுவரிடம் போய் ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். மந்தமான சத்தம். இன்னொரு பக்கம் தட்டினார். அதே மந்தம். நல்ல கனத்த கான்கிரீட்.

அப்படியே நின்றார்.

"முடி எவ்வளவு தடிமன் இருக்கும்?" என்று கேட்டார்.

"யார் முடி? உங்களுதா? அது இருந்தாத்தானே."

"விளையாடாதே. மெலிசா இருக்கும். மெலிசான கோடுன்னா அந்தம்மா புரோகிராம் என்ன போடும்?"

வாயாடி சட்டென்று விளையாட்டை விட்டாள். "தடுப்புச் சுவர். லேசான சுவர்." அவளும் சுவரைத் தட்டினாள். "இது கோட்டைச் சுவர் மாதிரியில்ல இருக்கு."

அதேதான். முடி சுவராகியிருந்தால் மெலிந்த சுவராகியிருக்கும். இது கனத்த சுவர். ஆகவே கண்ணாடிமேல் போனது தடித்த கோடு. எவனோ பென்சிலை அழுத்திப் பிடித்து இழுத்த கோடு. முடி அப்புறம் வைத்தது, பழி போடுவதற்கு. கோடு வளைந்திருந்ததும் அதனால்தான். நேர்கோடாக ஒரு முடியை யார் நம்புவார்கள்?

அவ்வளவு கெட்டிக்கார அம்மா இதை எப்படி யோசிக்காமல் போனாள் என்று வாயாடி கேட்டாள். கறாருக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தப்பு தன்னுடையது என்று ஒருத்தர் அழ ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் கணக்குப் பார்க்கமாட்டார்கள். அவள் அடித்தளத்துக்கு வந்து சுவரைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. முகத்தைக் காட்டவே வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாளை எடு," என்றார்.

வாயாடியின் பையில் அந்தத் தாள் சுருட்டி வைத்திருந்தது. காணாமல் போனவரின் மேஜையில் கிடந்தது என்று அந்த அம்மா காலையில் கொடுத்தது. கொடுக்கும்போதுகூட இரண்டு விரலால் ஓரத்தைத்தான் பிடித்திருந்தாள், ஒப்பந்தத்தை மீறுகிற குற்ற உணர்ச்சியில். தாளில் சதுரமான அடித்தளம் அழகாக இருந்தது. வளைந்த கோடு எதுவும் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து செல்போன் உயிரை விட்டது.

இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தது. வாயாடி தாளை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு இப்போ கையும் தெரியலை, நீங்க இருக்கீங்களா என்றாள்.

கறார் துழாவித் தாளை வாங்கினார். சுவரோடு ஒட்டி வைத்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூலைப்பக்கம் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். வெளிச்சம் இருந்திருந்தால் கண்ணைத்தான் நம்பியிருப்பார். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. ஒரு பள்ளம். மெல்லிய வாய்க்கால் மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வளைந்து போயிற்று.

வாயாடியின் விரலைப் பிடித்து அதில் வைத்தார்.

"ரப்பரால அழிச்சிருக்கான்," என்றாள் அவள். "பென்சில் போயிடுச்சு, பள்ளம் போகலை."

"வேலை தெரிஞ்ச கையா இருந்தா இவ்வளவு அழுத்தாது. தடிச்ச சுவர் வேணுங்கிற பயத்துல அழுத்தினது."

"தாள் மேஜையிலேருந்து கண்ணாடிக்குப் போற வழியில யார் கை படுது மாமா?"

பாலம் என்று சொல்லிக்கொண்ட மனுஷர். அவசரமில்லாமல் படியேறிய செருப்பு. எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது, அவர்களும் ஒரே இடத்தில் நின்றார்கள், முழங்கால்வரை தண்ணீரில்.

"சரி, கண்டுபிடிச்சாச்சு," என்றாள் வாயாடி. "யார்கிட்டப் போய்ச் சொல்றது? மீன்கிட்டயா?"

குரல் லேசாக உடைந்தது. கறாருக்கு அது பிடிக்கவில்லை. இவளுடைய அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. தள்ளிவிட்டார்.

காலையில் அந்த அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அதை அவர் அப்போது பாதிக் காதில்தான் கேட்டார். பென்சில்காரருக்குக் கதவு வரைகிற வழக்கமே இல்லை. சுவரை அடைத்து அடைத்துப் போட்டுக்கொண்டு போவார். கதவெல்லாம் கடைசியில் யோசிக்கிற விஷயம் என்பார், கடைசியில் மறந்துவிடுவார். ஆகவே அவள் புரோகிராமிலேயே ஒரு விதி எழுதி வைத்துவிட்டாள். நாலு பக்கமும் அடைபட்ட இடம் எதைக் கண்டாலும் அதற்கு அதுவே ஒரு கதவு போட்டுவிடும். மண்ணை ஒட்டிய சுவரில் போடாது. மீதியில் எது நீளமான சுவரோ, அதன் நட்டநடுவில் போடும். நிலத்துக்கு அடியில் இருக்கிற இடமென்றால் அதோடு விடாது, மேலே ஏறிப் போக இன்னொரு வழியும் வைக்கும்.

ஆளைப் பூட்டி வைக்கிற அறை என் புரோகிராமில் வராது சார் என்றாள். ஏன் அப்படி என்று கறார் கேட்டதற்கு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சின்ன வயதில் அண்ணன் விளையாட்டாக அவளைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, பந்து விளையாடப் போனவன் மறந்தே போனானாம். வீட்டில் தேடி எடுக்கிறதுக்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இதனால்தான் இந்த விதி என்று அண்ணனுக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள், சங்கடப்படுவார் என்று கேட்டுக்கொண்டாள்.

கறார் வளைந்த சுவரைப் பார்த்துத் திரும்பினார். பார்த்தார் என்று சொல்ல முடியாது. அது இருக்கும் திசைக்குத் திரும்பினார்.

"வாயாடி, இந்தச் சுவர் மூலையை வெட்டுது. ரெண்டு பக்கம் மண்ணு. மூணாவது பக்கம் இது. அப்போ அந்தப் பக்கம் என்ன?"

"அடைபட்ட இடம்."

"அடைபட்ட இடத்துக்கு?"

அவள் கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். பிறகு சொன்னாள், "கதவு. யாரும் வரையாத அறைக்கு யாரும் வரையாத கதவு."

"எங்க?"

"நட்டநடுவில."

தரையில் தண்ணீருக்குள் துழாவி மெல்லிய கட்டுக் கம்பி ஒன்றை எடுத்தார்கள். சுவரின் இந்த முனையில் அவர் பிடித்துக்கொள்ள, அவள் வளைவோடு ஒட்டி இழுத்துக்கொண்டே போய் அந்த முனையில் முறித்தாள். கம்பியை இரண்டாக மடித்தார்கள். மடித்ததைத் திரும்ப முனையிலிருந்து பிடித்துக்கொண்டு போனதும் நடு கிடைத்துவிட்டது.

கறார் அங்கே கை வைத்தார். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பான கான்கிரீட், கல் மாதிரிக் காய்ந்தது. இங்கே பூச்சு. ஈரம் காயாத பச்சைப் பூச்சு. அதுவும் மேடும் பள்ளமுமாக, அள்ளி அப்பிய மாதிரி.

வாயாடியும் தடவிப் பார்த்தாள். "மாமா, இது கொத்தனார் பூசின பூச்சு இல்ல. முதலாளி பூசின பூச்சு."

கட்டட வேலையில் இத்தனை வருஷம் நின்ற மனுஷர் ஒருநாளும் கரண்டி பிடித்ததில்லை. பிடிக்க வேண்டி வந்த அன்றைக்கு, பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ள முடியாமல் போயிருக்கிறது.

கறார் கல்லால் தட்டினார். டொக்கென்று வெற்றுச் சத்தம்.

பதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு தட்டல் வந்தது.

வாயாடி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பேங்கை விட்ட நாளிலிருந்து அவள் வாயை அடைத்தது அந்த ஒரு தட்டல்தான். மறுபடி வந்தது, தளர்ந்து, ஆனால் விடாமல். சரியாக அதே இடத்தில், நட்டநடுவில்.

தரையில் கிடந்த கம்பித் துண்டுகளில் ஆளுக்கொன்றை எடுத்துக் குத்த ஆரம்பித்தார்கள். பச்சைப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே அவசரத்தில் அடுக்கிய செங்கல், கலவை பிடிக்காமல் ஆடிற்று. ஒன்றைப் பிடுங்கியதும் மற்றதெல்லாம் சொன்னபடி கேட்டன. தொடைவரை ஏறியிருந்த தண்ணீர் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் இரைந்து பாய்ந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதக் குரல் இருமிற்று.

"பென்சில்காரரா?" என்றார் கறார்.

"ஆமா."

"உயிரோட இருக்கீங்களா?"

"மாமா, பேசுறாரே, அப்புறம் என்ன," என்றாள் வாயாடி. அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

உள்ளே நுழைந்தார்கள். மேலே எங்கேயோ ஒரு கீற்று வெளிச்சம், நூல் மாதிரி இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒட்டிய கன்னமும் சிமெண்ட் படிந்த தாடியுமாக ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அவருக்குப் பின்னால் இரண்டு தூண்கள், மேலிருந்து கீழ்வரை பாளம் பாளமாக வெடித்து, உள்ளே கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. மட்டமான கலவை. பென்சில்காரர் கண்ணில் படாமல் மறைக்கத்தான் இத்தனையும். தூணை இடித்துக் கட்டினால் பேர் கெடும், ஒரு சுவரைப் போட்டு மூடினால் யாருக்குத் தெரியும். அடித்தளத்துக்கு மேலே ஏழு மாடி எழும்பப் போகிறது, அதில் குழந்தை குட்டிகளோடு குடிவரப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்த மனுஷரின் கணக்கில் வரவில்லை.

பென்சில்காரர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தாளைத் தடவிப் பார்த்துப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, நேராக மச்சானிடமே போய்க் கேட்டிருக்கிறார். வாங்க மாப்பிள்ளை, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கூட்டிவந்தார் மச்சான். புரோகிராம் போட்ட வாசலை முன்பே செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அதில் நாலைந்து கல்லைப் பெயர்த்து, எட்டிப் பாருங்கள் என்றாராம். எட்டிப் பார்த்தவரைப் பின்னாலிருந்து தள்ளினார். கால் மடங்கிப் போயிற்று. மச்சான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டே கல்லை அடுக்கினாராம்.

"தட்டிக்கிட்டே இருந்தேன்," என்றார். "கதவு இங்கதான் இருக்கும்னு தெரியும். நான் ஒரு நாளும் கதவு வரைஞ்சதில்லை. அவ வைப்பா."

கறார் குனிந்து அவருடைய தோளுக்கடியில் கை கொடுத்தார்.

தண்ணீர் இங்கேயும் ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சக் கீற்று வந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். சுவரில் இரும்புப் படிகள் பதித்து மேலே போயின. உச்சியில் ஒரு வட்ட மூடி. நிலத்துக்கு அடியில் இருக்கிற இடத்துக்கு மேலே ஒரு வழி. அந்த அம்மா விதி எழுதினால் எழுதினதுதான்.

"மாமா, வரும்போது மணல்மேட்டுக்கிட்ட ஒரு இரும்பு மூடியில கால் இடிச்சுக்கிட்டேனே."

ஞாபகம் இருந்தது. செப்டிக் டேங்க் மூடிம்மா, பார்த்து என்று பில்டர் அவளுடைய முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் நகர்த்தினார். செப்டிக் டேங்குக்கு மணல்மூட்டையைப் போர்த்திவிட்டிருக்கிறீர்களே, குளிருமா என்று இவள் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. யாரும் அவள் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை என்பதால் கறார் அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாயாடி ஏறினாள். தோளைக் கொடுத்து முட்டினாள். மூடி அசைந்து, மணல் மழையாகக் கொட்டிற்று. கீழே இருந்த இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மறுபடி முட்டினாள், திட்டினாள், மறுபடி முட்டினாள். ஏதோ உருண்டு விழுந்தது. சாயங்கால வெயில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிற்று.

மேலேயிருந்து அவள் தலை மட்டும் தெரிந்தது. "நிஜமாவே வெல்டிங் பட்டறை ஒண்ணு இருக்கு மாமா. அந்த ஆள் சொன்னதுல அது ஒண்ணுதான் உண்மை." ஓடிவிட்டாள்.

பட்டறை ஆட்கள் கயிறும் பலகையுமாக வந்தார்கள். அதற்குள் தண்ணீர் கறாரின் மார்புக்கு வந்திருந்தது. பென்சில்காரரை அவர் கழுத்தோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை பென்சில்காரர், அவ சாப்பிட்டாளா என்று கேட்டார். தெரியாது, போய்க் கேளுங்கள் என்றார் கறார்.

ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் என்று எல்லாரும் சொன்னார்கள். பென்சில்காரர் கேட்கவில்லை. பட்டறையின் சரக்கு வண்டியில் காலை நீட்டி உட்காரவைத்து ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

உள்ளறையில் அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணன். தங்கையின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். என் தங்கை கோபக்காரிதான் சார், ஆனால் மனசு நல்ல மனசு, பார்த்துச் செய்யுங்கள் என்பது வாசல்வரை கேட்டது. அந்தத் துப்பறிகிறவர்களா, அவர்கள் எங்கேயோ வெளியூர் போய்த் தேடுவதாகச் சொன்னார்கள் என்பதும் கேட்டது. அவருடைய நகக்கண்ணில் சிமெண்ட் இருந்ததை இப்போது கறார் பார்த்தார். காலையிலேயே பார்த்திருக்கலாம். பில்டருக்கு நகத்தில் சிமெண்ட் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தார்.

பட்டறை ஆட்கள் இருவர் பென்சில்காரரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தார்கள். அந்த அம்மா எழுந்தாள். எழுந்தவள் ஓடிவரவில்லை, அப்படியே நின்றாள்.

"கதவு இருந்துச்சு," என்றார் அவர்.

"இருக்கும்," என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் கண் அவருடைய தாடியில் இருந்த சிமெண்ட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து தன் கையைப் பிடித்திருந்த கைக்கு வந்தது, அதன் நகங்களுக்கு. அந்தக் கையை விலக்கினாள். உதறவில்லை, ஒரு பொருளை எடுத்து வைப்பதுபோல பெஞ்சின்மேல் வைத்தாள்.

"இந்தத் தடவையும் மறந்துட்டியா அண்ணே?"

பில்டர் அந்தக் கையை மடக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பில்டரின் பார்வை ஜன்னலுக்குப் போயிற்று, கம்பி போட்ட ஜன்னல். பின்பக்கச் சுவருக்குப் போயிற்று, அதில் அலமாரி. எழுந்து திரும்பினார்.

அந்த அறைக்கும் ஒரே ஒரு கதவுதான். அதை அடைத்துக்கொண்டு, தரையெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட, கறார் நின்றிருந்தார்.